காப்புக் கட்டிய ஊரில் உருளைக்கிழங்கு

தொப்பூர் இறக்கத்தில் ஒரு லாரி குறுக்கே சாய்ந்துவிட்டது என்றார்கள். யாருக்கும் அடியில்லை என்றும் சொன்னார்கள். அதைக் கேட்ட பிறகுதான் நான் பயப்பட ஆரம்பித்தேன். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்த இடத்தில்தான் எனக்கு நிம்மதியாகப் பயப்பட வரும். பெட்ரோல் போதுமா, பின்னால் நிற்கும் டேங்கரில் என்ன இருக்கிறது, சேலத்தில் முகூர்த்தம் முடிவதற்குள் போய்ச் சேருவோமா, சேர்ந்தாலும் பந்தியில் பாயசம் மிஞ்சியிருக்குமா என்று வரிசையாகப் பயந்து முடித்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி, "எறங்கிப் போய் எதாவது சாப்புடுங்க. வாயில எதாவது இருந்தா கொஞ்ச நேரம் சும்மா இருப்பீங்க" என்றாள்.

சாலையோர ஓட்டலில் போண்டா போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒன்றைக் கடித்தேன். இனித்தது. உருளைக்கிழங்கு போண்டா இனிக்கலாமா? எனக்குச் சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். கோட்டைத் தாண்டிவிட்டது, முதலில் நாக்கு போகிறது, அடுத்தது கண், அப்புறம் கால் கட்டைவிரல் என்று நான் உடம்பைப் பகுதி பகுதியாக இழந்துகொண்டிருந்தபோது மனைவியும் ஒன்றை எடுத்துக் கடித்தாள்.

"எனக்குந்தான் இனிக்குது. ரெண்டு பேருக்கும் ஒரே போண்டாவுல சக்கர வந்துருச்சா?"

போண்டா மாஸ்டர் கரண்டியை நிறுத்தாமல் சொன்னார்: "கோல்டு ஸ்டோரேஜ் கெழங்குங்க சார். ரொம்ப நாளு குளிர்ல கெடந்தா அப்புடித்தான் இனிக்கும். வடக்க இருந்து வருது."

கட்டைவிரல் திரும்பக் கிடைத்தது. ஓட்டலின் பின்கட்டில் ஓர் அலுமினிய அண்டாவில் கிழங்கு வெந்துகொண்டிருந்தது. கை கழுவப் போனவன் அங்கேயே நின்றுவிட்டேன். வெந்த தோலும் ஈரமண்ணும் கலந்த அந்த ஆவி முகத்தில் அடித்தது. ஒரு காலத்தில் இதே சாலையோரத்தில், இதே போன்ற ஒரு பின்கட்டில், மூட்டை மூட்டையாக உருளைக்கிழங்கு கொண்டுவந்து இறக்கியவன் நான். பச்சைக் கிழங்கு இல்லை, அவித்த கிழங்கு. அவித்த கிழங்கை எந்தப் பைத்தியக்காரன் மூட்டை கட்டி மலையிலிருந்து கொண்டுவருவான் என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. அன்றைக்கு லாரி டிரைவரும் அதையேதான் கேட்டார், இன்னும் கொஞ்சம் காரமாக.

அப்போது எனக்கு வேலை, தருமபுரியில் ஒரு விதைக் கடையில். முதலாளி நல்லவர், ஆனால் சும்மா இருக்க மாட்டார். மேட்டுப்பாளையம் பக்கம் போய்வந்தவர், "மலைன்னா மலைதான். ஊட்டியில வர்ற கெழங்கு நம்ம மலையில வராதா?" என்று என்னை வத்தல்மலைக்கு அனுப்பிவிட்டார். விதைக் கிழங்கைக் கொடுப்பது, விளைந்ததை நாங்களே லாரி வைத்து எடுத்துப்போவது என்று திட்டம். மேலே போகச் சாலை கிடையாது. அடிவாரத்தில் இறங்கினால் நடை, இல்லாவிட்டால் கழுதை. கழுதைகள் முனியப்பனுடையவை. அவர் கர்நாடகத்தில் வேலை செய்தவர் என்பதால் கழுதைகளுக்குக் கன்னடத்தில்தான் உத்தரவு போடுவார். "நடி, நடி" என்பார், நட என்று அர்த்தம். அவை யோசித்துவிட்டு நடக்கும். "நில்லு" என்பது இரண்டு மொழியிலும் ஒன்றுதான். அதனால் நிற்பதில் மட்டும் அவற்றுக்கு ஒருநாளும் குழப்பம் வந்ததில்லை.

மலைமேல் நான் போன ஊரின் பேரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் அடுத்த திருவிழாவுக்குக் கூப்பிட மாட்டார்கள். அங்கே அதுவரை ராகியும் சாமையும்தான். உருளைக்கிழங்கைத் தின்றிருக்கிறார்கள், போட்டதில்லை. மாரியம்மன் கோயில் முன்னால் எல்லாரையும் கூட்டி நான் ஒரு வித்தை காட்டினேன். ஒரு கிழங்கை நாலாக நறுக்கி, முளை வரும் கண் இருக்கிற ஒவ்வொரு துண்டிலும் சாம்பல் தடவி, கோயில் ஓரமாகவே மண்ணில் வைத்தேன். "நாலும் முளைக்கும். இது முளைக்கிறதுக்குன்னே பிறந்தது" என்றேன். அடுத்த முறை போனபோது நாலும் முளைத்து நின்றன. ஊரே வந்து குனிந்து பார்த்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அந்த நாலு முளைகளும் பின்னால் என் கழுத்தைப் பிடிக்கப் போகின்றன என்று எனக்கு எப்படித் தெரியும்?

பார்த்தார்களே ஒழிய யாரும் கிழங்கு போட முன்வரவில்லை. ராகி பொய்த்தால் காய்ந்த தட்டாவது மாட்டுக்குத் தீனி ஆகும், கிழங்கு பொய்த்தால் என்ன ஆகும் என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. துணிந்து விதைக் கிழங்கு வாங்கியவர் மாதம்மாக்கா ஒருவர்தான். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர். புருஷன் குடகில் மிளகு பறிக்கப் போனவர், வருஷத்தில் பாதி அங்கேதான். நிலம் குடும்ப நிலம். பாடுபட்டது மாதம்மாக்கா, முடிவு புருஷனின் அண்ணன் கையில். அந்த அண்ணன்தான் ஊருக்குத் தலைவரான ஊர்க்கவுண்டரும். அவர் அந்த நிலத்தில் சில்வர் ஓக் மரம் வைக்க முடிவு செய்து நர்சரியில் நாற்றுக்கும் சொல்லிவைத்திருந்தார். ஊரில் திருவிழா முடிந்த மறுநாள் யார் எந்த நிலத்தில் என்ன வைப்பது என்று பேசி முடிப்பது வழக்கம். "அதுக்குள்ள கெழங்கு வெளைஞ்சு, கீழ போய் வித்தும் வந்துட்டா நெலம் அவகிட்டயே இருக்கட்டும். இல்லன்னா மரம்தான்" என்று சொல்லிவிட்டார். நிலம் இல்லையென்றால் மாதம்மாக்காவும் குடகுக்குப் போக வேண்டியதுதான். "எஸ்டேட்டு லைன் வூட்டுல ஒரு ரூமுங்க சார். அதுல அடுப்பு, பாயி, எம் மாமியா எல்லாம் ஒண்ணா இருக்கோணும். அதுக்குக் கெழங்கோடயே மல்லுக்கட்டலாம்" என்றார்.

அப்புறம் எனக்குத் தூக்கம் போனது. மாதம்மாக்கா நன்றாகத் தூங்கினார், வயல்காரி அவர்தான் என்றாலும். பனி இறங்கினால் இலை கருகுமே என்று நான் அடிவாரத்தில் நின்று மலையைப் பார்த்துக் கவலைப்படுவேன். நான் கிறிஸ்தவன். அந்தோணியாருக்கு மெழுகுவர்த்தி வேண்டிக்கொண்டேன். மலை மாரியம்மன் எல்லைக்குள் வருகிறது என்று நினைவு வந்ததும் அவளுக்கும் ஒரு தேங்காய் வேண்டிக்கொண்டேன். இருவரில் யார் காப்பாற்றினாலும் இன்னொருவர் கோபித்துக்கொள்வாரோ என்பது அடுத்த கவலை. காட்டுப்பன்றி வந்து ஒரு மூலையைக் கிளறிப் போட்டது. மாதம்மாக்கா ஊர்ப் பெண்களைக் கூட்டி வேலி கட்டினார். அங்கே கூலி கிடையாது. இன்றைக்கு என் காட்டுக்கு நீ, நாளைக்கு உன் காட்டுக்கு நான். செடிக்கு மண் அணைக்கவும் அப்படித்தான் வந்தார்கள். வந்தவர்கள் எல்லாரும் செடியை விட்டுவிட்டு, பதறிக்கொண்டு நிற்கும் என்னைத்தான் வேடிக்கை பார்த்தார்கள்.

கிழங்கு விளைந்தது. நன்றாகவே விளைந்தது. எடுத்த அன்று மாதம்மாக்கா ஒரு பெரிய கிழங்கை முந்தானையில் துடைத்து என் கையில் கொடுத்தார். குழந்தையை வாங்குவது போல வாங்கினேன். மறுநாள் காலை லாரி அடிவாரத்துக்கு வர ஏற்பாடு. முதலாளி தெளிவாகச் சொல்லியிருந்தார்: கர்நாடகத்துக் கிழங்கு சந்தையில் இறங்கப் போகிறது, விலை விழப் போகிறது, இந்த ஒரு நடைதான், அடுத்த நடை கிடையாது.

அன்று சாயங்காலம் கோயிலில் பூ கேட்டார்கள். அம்மன் தலையில் இரண்டு பக்கமும் பூ வைத்து, எந்தப் பக்கத்துப் பூ விழுகிறது என்று பார்த்துத் திருவிழா நாள் குறிப்பார்கள். வழக்கமாக இடப்பக்கம் விழும், இன்னும் சில நாள் பொறு என்று அர்த்தம். அன்று வலப்பக்கம் விழுந்தது. உடனே காப்புக் கட்டிவிட்டார்கள். நானும் பறைச்சத்தத்துக்குத் தாளம் போட்டபடி ரசித்துக்கொண்டுதான் நின்றேன். காலையில் முனியப்பன் கழுதைகளோடு வந்து மூட்டையை ஏற்றப் போகும்போது ஊர்க்கவுண்டர் குறுக்கே வந்து நின்றார்.

"நில்லு" என்றார். எல்லாக் கழுதையும் நின்றது.

காப்புக் கட்டிய பிறகு, திருவிழா முடிகிற வரைக்கும், முளைக்கிற எதுவும் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. ராகியோ அவரையோ கடுகோ, எதுவானாலும். போனால் அதோடு ஊரின் விளைச்சலும் போய்விடும். அது அந்த ஊர்க் கட்டு.

"இது வெதை இல்லீங்க, காய்கறி" என்றேன். என் குரல் எனக்கே கீச்சென்று கேட்டது. "கத்திரிக்காய் மாதிரி. குழம்புல போடறது."

ஊர்க்கவுண்டர் மெதுவாகத் திரும்பிக் கோயில் ஓரத்தைப் பார்த்தார். நான் நட்ட நாலு செடியும் அங்கே தழைத்து, பூவும் விட்டு நின்றன. பிடுங்காமல் வேலி வேறு கட்டி வைத்திருந்தார்கள்.

"மொளைக்கிறதுக்குன்னே பொறந்ததுன்னு சொன்னது ஆருங்க?" என்றார்.

நிலத்துக்காகவே இந்த ஆள் ஊர்க் கட்டைக் காரணம் காட்டுகிறாரோ என்று ஒரு கணம் எனக்குச் சந்தேகம் வந்தது. அவர் முகத்தைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. அவருக்கும் என்னைப் போலவே வியர்த்திருந்தது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். தம்பி மனைவி, புருஷனின் அண்ணனான மூத்தாரிடம் நேருக்கு நேர் பேசக் கூடாது. அங்கே அது மரியாதை. அதனால் மாதம்மாக்கா முன்னால் நின்ற கழுதையின் முகத்தைப் பிடித்துத் திருப்பி, அதனிடம் பேச ஆரம்பித்தார்.

"ஏ கழுத, இத்தினி நாளா வயித்தக் கட்டி வெளைய வெச்சதை வெயில்ல போட்டுப் பச்சை பாய்ஞ்சு வீணாக்கவா சொல்றாங்க? கேட்டுச் சொல்லு."

ஊர்க்கவுண்டர் முனியப்பனைப் பார்த்துச் சொன்னார். "முனியப்பா, உங் கழுதைக்குச் சொல்லு. ஊருக்கு ஒரு கட்டு இருக்குதில்ல. எந் தம்பி பொண்டாட்டிக்கு ஒரு கட்டு, மத்தவங்களுக்கு ஒரு கட்டுன்னு வெச்சா நாளைக்கு எம் பேச்ச ஆரு கேப்பாங்க?"

"என் கழுதையே கேக்காதுங்க" என்றார் முனியப்பன்.

"ஏ கழுத, அப்பக் கட்டு என்னான்னு சரியாக் கேளு. மொளைக்கிறது தாண்டக் கூடாது. அவ்வளவுதானே?"

"அவ்வளவுதான்னு சொல்லு."

"நேத்து ஒரல்ல குத்துன மாவு அடிவாரத்துக்குப் போனா?"

"மாவு எங்க மொளைக்கும்? அது போலாம்."

மாதம்மாக்கா கழுதையை விட்டுவிட்டார். மூட்டைகளைப் பார்த்தார், கோயிலைப் பார்த்தார். கோயில் மண்டபத்தில் திருவிழாப் பொங்கலுக்காகக் கழுவிக் கவிழ்த்திருந்த பெரிய அண்டாக்கள் வரிசையாக இருந்தன. மறுபடி கழுதையிடம் திரும்பினார்.

"அவிச்ச கெழங்கு மொளைக்குமான்னு கேளு."

நான் அவசரப்பட்டு, "அவிச்சா ரெண்டு நாள்ல ஊசிடும், சந்தையில எவனும் வாங்க மாட்டான், லாரிக்காரன் சிரிப்பான், முதலாளி என்னைத் தூக்கிடுவாரு" என்று ஒரே மூச்சில் சொன்னேன். என் பேச்சை மனுஷரும் கேட்கவில்லை, கழுதையும் கேட்கவில்லை.

ஊர்க்கவுண்டர் யாரையும் பார்க்காமல் சொன்னார். "அவிச்சுட்டா அது சோறு. சோத்த மறிக்க நானு ஆரு?" சொல்லிவிட்டு அவரே போய் முதல் அண்டாவை நிமிர்த்தினார். அவர் மேல் நான் பட்ட சந்தேகம் அந்த அண்டாவின் சத்தத்திலேயே போய்விட்டது.

எல்லா வீட்டு விறகும் வந்தது. காப்புக் கட்டிய ஊர், யாரும் வேலைக்கு வெளியே போகவில்லை. கை நிறைய ஆட்கள். பெரிய கிழங்கெல்லாம் அண்டாவுக்கு, கோலிக்குண்டு சைஸ் எல்லாம் அடுத்த பட்டத்துக்கு விதையாக மாதம்மாக்கா வீட்டு இருட்டு மூலைக்கு. வெந்த முதல் கிழங்கை அம்மனுக்கு வைத்தார்கள். இரண்டாவதை ஊர்க்கவுண்டர் நகத்தால் கீறிப் பார்த்தார். முளைக்காது என்று திருப்தி. மூன்றாவதை எனக்குக் கொடுத்தார்கள். பயத்தில் ஊதாமல் விழுங்கினேன். நெஞ்சு வரைக்கும் வெந்தது. உப்புகூட இல்லை. அவ்வளவு ருசியாக ஒரு கிழங்கை அதற்குப் பிறகு நான் தின்றதில்லை. ஆனால் அதை அன்று ருசித்தேனா என்று கேட்டால் சத்தியமாக இல்லை. லாரி போய்விடுமே என்றுதான் தின்றேன்.

சுடச்சுட மூட்டை ஏற்றினால் கழுதை சும்மா இருக்குமா? முதல் கழுதை மூட்டையை உதறி எறிந்துவிட்டு வந்த வழியே வீட்டுக்குப் போய்விட்டது. முனியப்பன் கன்னடத்தில் கூப்பிட்டார். அதற்குப் பதில் மரியாதையாக இல்லை. கடைசியில் ராகி அடிக்கும் பாறையில் கிழங்கைப் பரப்பி, பெண்கள் முறத்தால் விசிறி ஆற வைத்தார்கள். நானும் என் சட்டையைக் கழற்றி விசிறினேன். "சார் கெழங்குக்கு விசுறறாரா, அவருக்கே விசுறிக்கறாரா?" என்று ஒருத்தி கேட்டாள். இரண்டுக்கும்தான்.

அடிவாரத்தில் லாரி இருந்தது. டிரைவர் உள்ளே கால் நீட்டித் தூங்கிக்கொண்டிருந்தார். மூட்டையில் கை வைத்தவர் வெடுக்கென்று எடுத்துக்கொண்டார். "என்னய்யா, வெதுவெதுன்னு இருக்குது? உசுரோட இருக்குதா?" விஷயத்தைச் சொன்னேன். "எந்தக் கிறுக்குப் பயய்யா கெழங்க அவிச்சு மூட்ட கட்டுவான்?" என்றார். அவர் சிரித்த சிரிப்பில் கழுதைகள் காதை மடக்கிக்கொண்டன. சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சந்தைக்குப் போனா நம்ம ரெண்டு பேரையும் அவிச்சுருவாங்க. தொப்பூருக்கு ஏறு. அங்க காலையில இருந்து ராத்திரி வரைக்கும் பூரி மசாலாதான்" என்றார். அவர் தினமும் சாப்பிடுகிற ஓட்டல்கள் அவை.

முதல் ஓட்டல்காரர் ஒரு கிழங்கை அமுக்கிப் பார்த்தார். "வெறகு மிச்சம்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டவர், என்னைப் பார்த்து, "இவ்வளவு செஞ்சவங்க தோலையும் உரிச்சுட்டு வந்திருக்கலாமே?" என்றார். ஓட்டல் ஓட்டலாகப் போனோம். பொழுது சாய்வதற்குள் மூட்டைகள் காலி. முதலாளி திட்டினார், பிறகு இந்தக் கதையையே ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார். திருவிழா முடிந்த மறுநாள் நிலம் மாதம்மாக்கா பேரில் பேசி முடிந்தது. நாற்றுக்குச் சொல்லியிருந்ததை ஊர்க்கவுண்டரே போய் நிறுத்தினாராம். நான் அந்தோணியாருக்கும் அம்மனுக்கும் கணக்குத் தீர்த்தேன். ஒருவரும் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

சில வருஷம் கிழங்கு இறங்கியது. மற்ற வீடுகளும் போட்டன. நான் வேறு வேலைக்குப் போய், கல்யாணம் செய்து, அதியமான்கோட்டையில் குடியேறி, பயப்படுவதற்குப் புதுப்புது விஷயங்களைத் தேடிக்கொண்டேன். மலைக்குச் சாலை வந்தது. இனிக் கிழங்கு வாசலிலேயே வண்டி ஏறும் என்று நான் சந்தோஷப்பட்டேன். சாலையில் முதலில் மேலே ஏறி வந்தது ஒரு மினி வேன், அதில் வெங்காயம், தக்காளி, உருளைக்கிழங்கு. கீழேயிருந்து வந்த கிழங்கு பெரிசாக, ஒரே அளவாக, கழுவின மாதிரி இருந்தது. தொப்பூர் ஓட்டல்களுக்கும் அதே கிழங்கு, அதே நெடுஞ்சாலையில், வருஷம் முழுக்க. மலைக் கிழங்கு ஒன்று பெரிசு ஒன்று சிறிசு, அதுவும் வருஷத்தில் இரண்டு மாதம் கிடைத்தால் உண்டு. சாலை வந்ததும் ஊர்ப் பிள்ளைகள் அதே சாலையில் பெங்களூருக்கு இறங்கிவிட்டார்கள். உன் காட்டுக்கு நான், என் காட்டுக்கு நீ என்று சொல்ல 'நீ' இல்லை. முனியப்பன் கழுதைகளை யாருக்கோ கொடுத்துவிட்டார். வாங்கினவருக்குக் கன்னடம் தெரியுமா என்று கேட்டதாக ஞாபகம்.

இதையெல்லாம் அலுமினிய அண்டா முன்னால் நின்று யோசித்துக்கொண்டிருந்தால் மனைவி தேடி வருவாளா, மாட்டாளா? வந்தாள். "மயக்கமா?" என்றாள். இல்லை என்றேன். அவள் காருக்குத் திரும்பினாள். லாரியை இன்னும் தூக்கவில்லை. கைப்பேசியை எடுத்து மாதம்மாக்காவைக் கூப்பிட்டேன். திருவிழாவுக்குத் திருவிழா அவர் கூப்பிடுவார், போண்டா இனித்தால் நான் கூப்பிடக் கூடாதா?

"நல்லா இருக்கீங்களாக்கா? குடகுக்கெல்லாம் போயிடலையே?" எப்போதும் இப்படித்தான் ஆரம்பிப்பேன்.

"நானெங்க போறனுங்க சார். நெலம் இருக்குதே."

"நெலத்துல என்ன?"

"சில்வர் ஓக்குங்க. நானேதான் வெச்சேன். தண்ணி வேண்டாம், ஆளு வேண்டாம். மூத்தாரு அன்னிக்கு வெக்கறன்னதைத்தான் வெச்சிருக்கறேன். அவருதான் பாக்கறதுக்கு இல்ல."

ஊர்க்கவுண்டர் போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகின்றன. நான் பேச்சை மாற்ற, போண்டா இனித்ததைச் சொன்னேன்.

"வேன் கெழங்கும் அதேதானுங்க. போன மழைக்கு ஆசையா ரெண்டு கெழங்க நறுக்கி, சாம்பலு தடவி, கோயிலோரமா வெச்சேன். நீங்க வெச்ச எடத்துலதான்."

"வந்துச்சா?"

"எங்கீங்க. நாளாச்சு. தோண்டிப் பாத்தா வெச்சது வெச்சபடி கெடக்குது. மொளைக்காம இருக்க மருந்து போட்டுத்தான் அனுப்பறாங்களாம், வேன்காரன் சொல்றான்." சிரித்தார். "மூத்தாரு இருந்திருந்தா இதையும் சோறுன்னு சொல்லியிருப்பாருங்க. அவிக்காமயே சோறு."

முன்னால் வண்டிகள் நகர ஆரம்பித்தன. மனைவி ஹாரன் அடித்துக் கூப்பிட்டாள். அடுத்த வாரம் காப்புக் கட்டு, வந்துடுங்க என்றார் மாதம்மாக்கா. கட்டெல்லாம் இன்னும் இருக்கிறதா என்று கேட்டேன்.

"இருக்குதுங்க. மூத்தாரு மவன் ஒரு வருசமும் விடாம சொல்றான். மொளைக்கிறது எதுவும் எல்லையத் தாண்டக் கூடாதுன்னு. எல்லாரும் சரிங்கறோம். அனுப்பறதுக்கு என்ன இருக்குது, சொல்லுங்க?"